உள்ளே மட்டும் மாறிய துப்பாக்கி

முதல் நாள் மாலையே கடலூர் வந்துவிட்டேன். மறுநாள் காலை சிதம்பரம் பக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. துப்பாக்கிப் பயிற்சி. கூட இருந்து பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. மாணவர்களைப் பார்ப்பதை விட அவர்கள் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. போருக்கென்று .303 விட்டத்தில் பிறந்த லீ-என்ஃபீல்ட் அது. பிறகு குழல் மாற்றப்பட்டு, குறி பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாராக ஆகிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன் நான் படித்த காலத்தில் என் கன்னம் சாய்ந்த கட்டையும் இதே வகைதான். அப்போது அதன் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. 'பாயின்ட் டூ டூ' என்போம், அவ்வளவுதான்.

துப்பாக்கிக்காகக் கடலூர் வந்தவன் தேவனாம்பட்டினம் போகாமல் திரும்பக் கூடாது. கெடிலம் கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. பார்க்க அதிகம் இல்லை, கொஞ்சம் செங்கல், கொஞ்சம் மேடு. 1690-ல் இதை ஆங்கிலேயக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு அவர்கள் கண்ட அளவுகோல்தான் வினோதமானது. கோட்டையிலிருந்து பெரிய பீரங்கி ஒன்றைச் சுட வேண்டும், குண்டு விழும் தூரம் வரை நிலம் கம்பெனிக்கு. அதற்கென்றே சென்னையிலிருந்து ஒரு பீரங்கியைக் கொண்டு வந்தார்கள். அப்போது அங்கே கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். திசைக்கொரு குண்டாகச் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தது. உழுதுகொண்டிருந்தவன் எந்த அரசின் குடிமகன் என்பதை அன்றைக்கு ஒரு குழலின் வீச்சு தீர்மானித்தது. இந்த மண்ணில் நிற்கும்போது அது சாதாரணச் செய்தியாகத் தோன்றவில்லை.

1748-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் வந்து இறங்கியதும் இந்தக் கோட்டையில்தான். சிதறிக் கிடந்த காவலர்களைக் கம்பெனிகளாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார். இந்தியப் படையின் தந்தை என்று பின்னால் அவரைச் சொன்னதற்கு அடிப்படை இங்கே நடந்த அந்த வேலை. பத்து வருடம் கழித்து, 1758-ல், பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். நான் போன மாலையில் அந்த மேட்டோரம் இரண்டு பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரவு புதுப்பாளையத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். கைவிரல் நகங்களில் எண்ணெய்க் கறை இன்னும் இருப்பது போலவே எனக்குத் தெரிந்தது.

"திரீ நாட் திரீக்கு ஒரு நல்ல குணம் தம்பி. மண்ணு போனாலும் சுடும், தண்ணி போனாலும் சுடும். தொடைச்சு வெச்சா உன் பேரன் காலத்துக்கும் இருக்கும். கெட்ட குணமும் அதுதான். சாகவே சாகாது."

அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது மஸ்கட் கதை. வெள்ளைக்காரன் காலத்தில், முதல் உலகப் போருக்குப் பிறகு, .303 துப்பாக்கியையே .410 விட்டத்துக்கு மாற்றி இஷாப்பூர் ஆலையில் செய்தார்கள். போலீசுக்கும் காவலாளிக்கும் கொடுக்க. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. மேற்கொண்டு தோட்டா அடுக்க முடியாதபடி மகசீன் இருக்கும் இடத்தில் மரக்கட்டையை அடைத்துவிட்டார்கள். அதன் தோட்டா பட்டாளத்துத் துப்பாக்கியில் சேராது. "நம்மள நம்பல, அதான் கட்டை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். வெளித்தோற்றம் முழுத் துப்பாக்கி, உள்ளே பாதித் துப்பாக்கி. இந்த வகை மாற்றங்களைத் தேடித்தான் நான் புறப்பட்டிருந்தேன் என்பதால் அந்த மரக்கட்டை இரவு முழுவதும் மனதில் இருந்தது.

விடியற்காலைப் பேருந்து. ஓல்டு டவுன் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று சாலை கடலோரமாகத் தெற்கே போகிறது. இடதுபுறம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1 அன்று ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் மோதியது அங்கே. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பு உருக்கியதும் அங்கே. பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது கோபுரங்கள் தெரிய ஆரம்பித்தன.

அண்ணாமலை நகரில் இறங்கி ராஜேந்திரன் சிலைக்கு முன்னால் சற்று நேரம் நின்றேன். 1965 ஜனவரி 27. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் இறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். துப்பாக்கியைப் பற்றி அன்போடு எழுத வந்தவன் இந்தச் சிலையைக் கடந்து போய்விட்டு எழுதினால் அது நேர்மையாக இருக்காது. அந்த வருடங்களில் ஒரு கொடுமையான பொருத்தமும் உண்டு. சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது. 1968 வரை அப்படி இருந்தது. ஆக, 1965-ல் தெருவில் கோஷம் போட்ட மாணவர்களில் பலர், வாரம் ஒரு நாள் அரசாங்கத்தின் துப்பாக்கியைத் தோளில் தாங்கி நடை பழகியவர்கள். அந்தப் பயிற்சியின் கட்டளைகள் இந்தியில்.

அதுவும் போராட்டத்தின் பொருளாக இருந்தது. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா அரசு சட்டமன்றத்தில் மொழித் தீர்மானம் நிறைவேற்றியபோது, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பதும் அதில் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று காலை மைதானத்தில் நான் கேட்டது "சாவ்தான்", "விஷ்ராம்" தான். பிள்ளைகள் அதைத் தாய்மொழி போல ஏற்று நிற்கிறார்கள், குறை சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. எனக்கு மட்டும் "நேராக நில்" என்று ஒரு தமிழ்க் குரல் அந்த மண்மேட்டில் பட்டுத் திரும்பி வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சுடுதளம் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். இருபத்தைந்து கஜம், மீட்டர் கணக்கில் இருபத்து மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முனையில் கிரவுண்ட் ஷீட் விரித்த நான்கு இடங்கள், மணல் மூட்டைகள். மறுமுனையில் காகித இலக்குகள், அவற்றின் பின்னால் உயரமான மண்மேடு. பக்கத்தில் செங்கொடி. இந்தச் சின்ன இடம்தான் இந்தத் துப்பாக்கி மாற்றத்துக்கே மூலகாரணம் என்று சொல்லலாம். .303 தோட்டாவின் ஈயக்குண்டு பதினோரு கிராமுக்குச் சற்று மேல், குழலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர் வேகம். அதைச் சுட்டுப் பழக வேண்டுமானால் ஊருக்கு வெளியே நீண்ட நிலம் வேண்டும், பெரிய மேடு வேண்டும், காசும் வேண்டும். .22 தோட்டாவின் குண்டு இரண்டரை கிராம் சொச்சம், வேகம் ஒலியின் வேகத்தை ஒட்டி நிற்கும். அதற்காக விளையாட்டுப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் அது ஆளைக் காயப்படுத்தும். மண்மேட்டுக்குப் பின்னால் ஆள் யாரும் இல்லை என்பதைப் பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்துக்கொண்டார்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றால், போயர் போரிலிருந்து. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த அந்தப் போரில், பண்ணையில் வளர்ந்த போயர்கள் வெகுதூரத்திலிருந்து குறி தவறாமல் சுட்டார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்தக் கை இல்லை. ஊர் திரும்பியதும் ராபர்ட்ஸ் பிரபு போன்றவர்கள் தெருவுக்குத் தெரு சிறு விட்டத் துப்பாக்கிச் சங்கங்கள் வேண்டும் என்று கிளம்பினார்கள். படைக்கும் அதே கவலை. பழகுகிறவன் பழகும் துப்பாக்கி போர்த் துப்பாக்கியின் எடையிலேயே, நீளத்திலேயே, தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் அதே போல்ட்டோடு இருக்க வேண்டும், தோட்டா மட்டும் மலிவாக, சின்னதாக இருக்க வேண்டும். அப்படியானால் தேய்ந்து ஒதுக்கிய போர்த் துப்பாக்கியையே எடுத்து உள்ளே மட்டும் மாற்றிவிட்டால் என்ன? அப்படி வந்ததுதான் இது. 1907 மாடல் மார்க் 3 லீ-என்ஃபீல்டின் உடலில் 1920களின் தொடக்கத்தில் உருவான .22 வடிவத்துக்கு 'நம்பர் 2 மார்க் 4' என்று பெயர். நம்மூர் என்.சி.சி. பாடத்தில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. 1948-ல் என்.சி.சி. தொடங்கிய நாளிலிருந்து எத்தனை லட்சம் பிள்ளைகளின் முதல் குண்டு இதிலிருந்து போயிருக்கும்!

சுடுவதற்கு முன்னால் ஒரு துப்பாக்கியைப் பிரித்துக் காட்டினார் ஹவில்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், நிதானமானவர். கட்டையின் கழுத்தில் பட்டைவளையம் போன்ற இரும்பில் எழுத்துகள் இருந்தன. மேலே கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ., அதற்கும் கீழே இஷாப்பூர். வருடத்தின் கடைசி இலக்கம் தேய்ந்துபோய் 194 வரை மட்டும் தெரிந்தது. ஜார்ஜ் மன்னரைப் பேரரசர் என்று சொல்லும் லத்தீன் எழுத்துகள் அவை. ஹூக்ளிக் கரையில், கல்கத்தாவுக்கு வடக்கே உள்ள அந்த ஆலையிலிருந்து இது கிளம்பிய வருடத்தில் உலகப் போர் நடந்துகொண்டிருந்திருக்கலாம், முடிந்தும் இருக்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய் ஒருவன் இதைத் தோளில் போட்டுப் பர்மாக் காட்டில் நடந்தானா, அல்லது பெட்டியிலேயே கிடந்து பிறகு மாற்றத்துக்குப் போனதா, அந்த இரும்புக்கு மட்டுமே தெரியும். முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி இருந்தது. இந்தியாவில் செய்த துப்பாக்கிகளின் அடையாளம் அது. இந்த ஊர் வெயிலிலும் ஈரத்திலும் மரம் பிளந்துவிடாமல் பிடித்துக்கொள்ள இஷாப்பூர்க்காரர்கள் போட்டது.

"முதல்ல வாயைப் பாருங்க சார்" என்று குழல் முனையைக் காட்டினார். உலக்கை முனையில் பென்சில் நுழையாத ஓட்டை போட்ட மாதிரி இருந்தது. வெளியே முழு இராணுவக் குழலின் கனம், முன்குறியைக் காக்கும் இரண்டு காதுகள், கத்தி மாட்டும் மூக்கு எல்லாம் அப்படியே. நடுவில் ஐந்தரை மில்லிமீட்டர்த் துளை. இந்த வகையில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் குழலையே புதிதாகச் செய்து போடுவார்கள். மற்றதில் பழைய .303 குழலை உட்புறம் குடைந்து அகலமாக்கி, அதற்குள் சுருள்வரி வெட்டிய மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றைச் செருகிப் பற்றவைத்துவிடுவார்கள். பர்மிங்ஹாமின் பார்க்கர் நிறுவனம் இந்தச் செருகு வேலைக்குப் பேர் போனது. எனக்கு இந்த இரண்டாவது விதம்தான் பிடித்தது. பழைய குழல் போகவில்லை, இருக்கிறது. ஆனால் தன்னைவிடச் சிறிய ஒன்றுக்கு உறையாகிவிட்டது.

பிறகு போல்ட். பின்னுக்கு இழுத்து, அதன் தலையை ஒரு சுண்டு சுண்டி, முழுவதையும் வெளியே எடுத்தார். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட் இது. அவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை பார்த்தவர். பெயரின் முதல் பாதி அவருடையது, மறுபாதி லண்டன் பக்கத்து என்ஃபீல்ட் ஆலையுடையது. இந்தப் போல்ட்டில் தலை தனியாகத் திருகிக் கழன்று வரும். மாற்றம் செய்தவர்களுக்கு அது பெரிய வரமாகிவிட்டது. உடலைத் தொடாமல் தலையை மட்டும் மாற்றினால் போதும். ஏன் மாற்ற வேண்டும்? .303 தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் தொப்பி அதன் அடியில் நடுமையத்தில் இருக்கும். .22-க்கு அப்படியில்லை, பற்றும் மருந்து அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே பூசியிருக்கும். ஊசி நடுவில் குத்தினால் பயனில்லை, ஓரத்தில் குத்த வேண்டும். அதனால் புதிய தலைக்குள் இன்னொரு குட்டி ஊசி. பழைய பெரிய ஊசி நேரே வந்து இதை இடிக்கும், இது சற்று விலகிப் போய் விளிம்பில் இடிக்கும். அந்தக் குட்டி ஊசியை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். சட்டை ஊக்கின் கனம்கூட இருக்காது. ஒரு போர்க்கருவியைப் பள்ளிக்கூடக் கருவியாக்கியது பெரும்பாலும் இந்தத் துண்டுதான்.

கடைசியாக மகசீன். வெளியே பார்க்கப் பத்துத் தோட்டா அடுக்கும் அதே பெட்டி. உள்ளே வில் இல்லை, தட்டு இல்லை, வெறும் கூடு. தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் குழலுக்குள் வைக்க வேண்டும். சுட்ட பிறகு போல்ட்டை இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்காது, அந்தக் காலிப் பெட்டிக்குள் விழும். வெற்றுத் தோட்டாவுக்குப் பட்டாளத்தில் 'கோகா' என்று பெயர். ஒவ்வொரு கோகாவுக்கும் கணக்கு உண்டு. மகசீனின் வேலை தோட்டாவைக் கொடுப்பது என்பது போய், எஞ்சியதை வாங்கிக்கொள்வது என்று ஆகிவிட்டது. நேற்றிரவு கேட்ட மரக்கட்டையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுவும் மகசீனைச் செத்ததாக்கியது, இதுவும் ஆக்கியது. அங்கே காரணம் அவநம்பிக்கை. இங்கே கற்றுக்கொடுப்பது.

பட் என்று சொல்லும் அடிக்கட்டையின் பித்தளை மூடியைத் திறந்து காட்டினார். எண்ணெய்ச் சீசாவுக்கும் குழல் துடைக்கும் புல்த்ரூ கயிற்றுக்கும் உள்ளே குடைந்த இடம். அதிலிருந்து வந்த வாசனை என்னை நேராக 1980களுக்குக் கொண்டு போய்விட்டது. ஆளிவிதை எண்ணெயும் துப்பாக்கி எண்ணெயும் பித்தளையும் கலந்த வாசனை. எத்தனை காலம் கழித்து முகர்ந்தாலும் மறக்காது.

பன்னிரண்டு பேர் சுட வந்திருந்தார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா. நால்வர் நால்வராகப் போய்ப் படுத்தார்கள். கால்களை விரித்து, குதிகாலைத் தரையில் படியவிட்டு, இடது முழங்கையைத் துப்பாக்கிக்கு நேர் கீழே கொண்டுவந்து. "பர்" என்றதும் முதல் தோட்டா உள்ளே போனது. லீ-என்ஃபீல்டில் ஒரு விசேஷம், போல்ட்டை மூடும்போதுதான் ஊசியின் வில் இறுகும். கடைசி ஒரு அங்குலத்தில் எதிர்ப்பு தெரியும். பழகாத கை அங்கே தயங்கும். நான்கில் மூன்று கைகள் தயங்கின. ஒன்று தயங்கவில்லை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி கடலூர்த் துறைமுகம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். ஒல்லியான உடம்பு. நான்கு கிலோ இரும்பும் மரமும் அவளுக்குப் பாரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். முதல் குண்டு இலக்கின் ஓரத்தில் போய் விழுந்தது. ஹவில்தார் அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

"இழுக்காதேம்மா. அழுத்து. எப்ப வெடிச்சதுன்னு உனக்கே தெரியக் கூடாது."

"சரி சார்."

"மூச்சைப் பாதி விடு. நிறுத்து. பின்குறியில இருக்கற யூவுக்குள்ள முன்குறியோட நுனியை வை. இலக்கு கொஞ்சம் மங்கலாத் தெரியட்டும், பரவாயில்ல. நுனி தெளிவா இருக்கணும்."

இந்த ஒரு வாக்கியம் போதும், நான் அங்கே போனது வீண் போகவில்லை. ஒரே நேரத்தில் மூன்றையும் தெளிவாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. பின்குறி, முன்குறி, இலக்கு என்ற மூன்றில் நடுவில் இருப்பதைத் தெளிவாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மங்க விட வேண்டும். கண்ணாடிக்குறியும் தொலைநோக்கியும் வைத்த துப்பாக்கியில் பழகுகிறவனுக்கு இந்தப் பாடம் கிடைக்காது. கனமும் அப்படியே. இலகுவான .22 டீலக்ஸ் துப்பாக்கிகளும் என்.சி.சி.யில் உண்டு. பிள்ளைகள் அதைத்தான் விரும்புவார்கள், தோள் வலிக்காது. ஆனால் கனமான குழல் ஒரு தடவை நிலைத்துவிட்டால் நிலைத்தபடி இருக்கும், இதயத் துடிப்புக்கெல்லாம் ஆடாது. நிலைக்க வைப்பதுதான் பாடு, அந்தப் பாடுதான் கல்வி என்பது என் அபிப்பிராயம். இந்தப் பழைய துப்பாக்கிகளைக் கழித்துக்கட்டிவிட்டுத் திரையில் சுடும் கருவிகளை வாங்கினால் போதும் என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

வெடிச்சத்தம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஊசிவெடி ஒன்றைத் தனியாகக் கொளுத்தியது போலச் 'சட்' என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். தோளில் உதை என்பதே கிடையாது. அந்தப் பெரிய உடலிலிருந்து அந்தச் சிறிய சத்தம் வருவதைக் கேட்க முதலில் ஏமாற்றமாக இருக்கும், பிறகு நிம்மதியாக இருக்கும்.

"காலி கர்", "ஜாஞ்ச் சஸ்த்ர." குழல் காலி என்று ஹவில்தார் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்த பிறகுதான் செங்கொடியைத் தாண்டி நடக்க விட்டார். இலக்குகளுக்குப் போனோம். இங்கே முதலில் பார்ப்பது நடுவில் பட்டதா என்பதை அல்ல, ஐந்து துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்பதைத்தான். இதை க்ரூப்பிங் என்கிறார்கள். ஐந்தும் ஓரத்தில் ஒரே இடத்தில் விழுந்தால் ஆள் சரி, குறியைத் திருத்தினால் போதும். நடுவில் ஒன்று, நான்கு மூலையில் நான்கு என்றால் ஆளைத் திருத்த வேண்டும். அந்தப் பெண்ணின் தாளில் முதல் துளை தனியே கிடந்தது. மற்ற நான்கையும் ஒரு ரூபாய் நாணயம் வைத்து மூட முயன்றேன், மூன்று மறைந்தன, ஒன்று விளிம்பில் எட்டிப் பார்த்தது.

"இளவேனில் அக்கா எங்க ஊர்ல பொறந்தவங்க சார்" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

உண்மைதான். இளவேனில் வாலறிவன் 1999-ல் பிறந்தது கடலூரில். வளர்ந்தது அகமதாபாத்தில். 2019-ல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கியவர், டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக நின்றவர். ஏர் ரைஃபிளுக்கும் இந்தக் கிழட்டு லீ-என்ஃபீல்டுக்கும் உறவு வெகு தூரம். அதில் மருந்து இல்லை, காற்றழுத்தம். குண்டு நாலரை மில்லிமீட்டர். ஆனால் மூச்சைப் பாதியில் நிறுத்துவதும் விரலை அழுத்துவதும் அதே. அந்தப் பெண்ணுக்கு அந்தத் தூரம் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

போர்த் துப்பாக்கியைப் போட்டித் துப்பாக்கியாக்கும் வேலை உலகெங்கும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1860-ல் விம்பிள்டனில் முதல் போட்டியை நடத்தியபோது முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி. 1890-ல் போட்டி பிஸ்லிக்கு இடம் மாறியது. 1960களின் இறுதியில் அங்கே லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 துப்பாக்கிகளுக்குக் கனத்த 7.62 மி.மீ. குழலைப் பொருத்தி, போட்டிக்கென்றே எல்39 என்று ஒரு வடிவம் செய்தார்கள். நம் நாட்டில் தேசிய ரைஃபிள் சங்கம் 1951-ல் தொடங்கியது. முதல் மக்களவைத் தலைவர் மாவ்லங்கர்தான் அதன் முதல் தலைவர். அவர் பெயரில் இன்றும் அகில இந்தியப் போட்டி நடக்கிறது. ஆனால் இங்கே ஒரு சாதாரணக் குடிமகன் பழைய .303-ஐ வாங்கிப் போட்டிக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை. அது சட்டப்படி தடை செய்யப்பட்ட விட்டம். உரிமம் உள்ளவர் வாங்கட்டும் என்று இஷாப்பூர் ஆலை அதே லீ-என்ஃபீல்ட் உடலில் .315 விட்டத்தில் ஒன்றைச் செய்து விற்றது. படைத் தோட்டா அதில் ஏறாது. விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்களில் மாற்றி, யார் எதைச் சுடலாம் என்று தீர்மானிக்கும் கலை. படையிலோ 1962-க்குப் பிறகு தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி வந்து .303-ஐ ஒதுக்கத் தொடங்கியது. காவல்துறையில் அது இன்னும் நெடுங்காலம் இருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது.

இத்தனை விடைபெறல்களுக்கும் நடுவே உள்ளே மட்டும் மாறிய இந்த வகை ஒரு மூலையில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ராஜேந்திரன் சிலையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணோடு சொல்கிறேன். சுட்ட கையை மாற்ற முடியாது, குழலையாவது மாற்றலாம் என்று யாரோ ஒரு ஆர்மரர் கடைசலில் குனிந்து நின்ற பகல் ஒன்று இருந்திருக்கும் அல்லவா.

பயிற்சி முடிந்தது. கம்பியில் துணியைச் சுற்றிக் குழல்களைத் துடைத்தார்கள். .22 மருந்து கரி அதிகம் விடும், முதல் துணி கன்னங்கறேலென்று வந்தது. இன்னொரு பக்கம் ஒரு மாணவன் கோகாக்களைக் காகிதத்தில் கொட்டிப் பத்துப் பத்தாக அடுக்கினான். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து, அறுபது. அடுக்கியதில் கடைசி வரிசையில் ஒன்பது.

ஹவில்தார் குரலை உயர்த்தவில்லை. "யாரும் நகராதீங்க" என்றார். கிரவுண்ட் ஷீட்களை உதறினார்கள். மணல் மூட்டைகளைப் புரட்டினார்கள். படுத்த இடங்களில் புல்லை விரலால் கோதினார்கள். சட்டைப் பைகள், தொப்பிகள், காலணி மடிப்புகள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அரை விரல் நீளம் இல்லாத, உள்ளே ஒன்றும் இல்லாத பித்தளைக் கூடு, அது வராமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நானும் குனிந்து தேடினேன்.

மீனவப் பெண்தான் மூன்றாம் துப்பாக்கியை மறுபடி எடுத்தாள். தலைகீழாகப் பிடித்து, காலி மகசீனின் அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். ஒன்றும் வரவில்லை. சாய்த்து, முன்மூலைப் பக்கமாக இன்னொரு தட்டு.

டிங் என்று ஒன்று சிமெண்டில் விழுந்து உருண்டது.

"அறுபது" என்றான் கணக்கெழுதியவன். துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக ஆயுத வண்டியின் ரேக்கில் ஏறின, சங்கிலி டிரிகர் காவல்களுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது, பூட்டு விழுந்தது.